புளியமரத்து ஸ்டாப்பில் நிற்கும் வண்டிகள்

உடுமலைப்பேட்டையில் தென்றல் கார்டன் என்றொரு குடியிருப்பு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தென்றல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆடி பிறந்தால் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற காற்றுதான் வரும். அந்தக் காற்றை நம்பி ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதால் அங்கே கரண்டுக்குப் பஞ்சம் கிடையாது. பஞ்சம் இல்லாததுதான் வினையாகப் போயிற்று.

இது நம் காலத்துக் கதை இல்லை, கொஞ்சம் தள்ளி நடப்பது. தன்ஷிகா, பிரணவ், ஹாசினி, மிதுன் என்று பெயர்கள் வரும். உடனே எல்கேஜி பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து, சிலர் நரைத்து முட்டிக்குத் தைலமும் தேய்க்கிற காலம். பழைய பேட்டரிகளுக்கான உலோகத்தை உலகம் சுரண்டி முடித்துவிட்டதால் வண்டிகளெல்லாம் உயிர்க்கலத்தில் ஓடின.

உயிர்க்கலம் என்பது கம்பெனி வைத்த பெயர். உடுமலையில் அதைத் தயிர் என்றார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு டப்பா, அதற்குள் சாம்பல் வெள்ளையில் கெட்டியாக ஒரு கூழ், கூழ் நிறையக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். சார்ஜ் போட்டால் அவை கரண்டைத் தின்னும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் தின்றதைத் திருப்பித் தரும். அவ்வளவுதான் விஞ்ஞானம், பயப்படாமல் மேலே வாருங்கள்.

எட்டு வருஷம் உழைக்கும் என்று கம்பெனி சத்தியம் செய்திருந்தது. தென்றல் கார்டனிலோ ஒரு தீபாவளிக்கு வாங்கிய வண்டி அடுத்த தீபாவளியைப் பார்க்கவில்லை. காலையில் சாவியைத் திருகினால் 'ங்ங்' என்று ஒரு முனகல், அப்புறம் மயான அமைதி. ஜனங்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். டப்பாவுக்கு ஈரச்சாக்கு கட்டினார்கள். திருஷ்டி கழித்தார்கள். ஒருவர் வண்டியை வீட்டு ஹாலுக்குள் ஏற்றி ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்தார். எதற்கும் மசியவில்லை.

ஒரே ஒரு வண்டி மட்டும் கல்லுக்குண்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அது தன்ஷிகாவின் ஸ்கூட்டர்.

தன்ஷிகா பாலிடெக்னிக்கில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். முப்பதைத் தாண்டி நாளாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் பிரணவ் வீட்டில்தான் இருந்தாள். பிரணவ் தங்கமான மனுஷன், ஒரே ஒரு கோளாறு: எதையும் அரை வயிற்றோடு விட மாட்டார். விருந்தாளி இலையை மூடினாலும் திறந்து ஒரு கரண்டி ஊற்றுவார். மீன் தொட்டியில் இருந்த மீன்களெல்லாம் தின்றே செத்தன. தங்கைமேல் இருந்த பாசத்தில், அவள் ஸ்கூட்டர் வாங்கிய புதிதில், தினமும் சாயங்காலமே சார்ஜரைச் செருகி விடியவிடியத் தின்ன வைத்தார். சில மாதத்திலேயே அது போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்த இடம்தான் முக்கியம். கூட வேலை பார்க்கிறவர்களோடு திருமூர்த்தி மலைக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பும்போது, தளி தாண்டி, ஒரு தென்னை நாற்றுப் பண்ணையின் கேட்டுக்கு நேராக வண்டி உயிரை விட்டது. கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர் மிதுன். முழங்கால் வரை மண், கையில் மம்பட்டி, பேச்சு மட்டும் அளந்து அளந்து. விஷயத்தைக் கேட்டார், உள்ளே போய் ஒரு கரண்டியோடு வந்தார். தன்னுடைய பழைய மொபெட்டின் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி தயிரை எடுத்து அவளுடைய டப்பாவில் விட்டார்.

"மூடியைத் தொறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்களே?" என்றாள் அவள்.

"எழுதுனவங்க வந்து தள்ளிக் குடுப்பாங்களாங்க?" என்றார் அவர்.

உறை ஊறி வண்டி எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் ஒரு முளைவிட்ட தேங்காயை உடைத்து, உள்ளே பஞ்சு மாதிரி இருந்த தேங்காய்ப்பூவைத் தின்னக் கொடுத்தார். அவள் உடுமலை டவுன்தான் என்று சொன்னபோது, டவுன் பக்கமெல்லாம் நான் வருவதே இல்லீங்க என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தன்ஷிகா தினமும் சாயங்காலம் தளிக்குப் போனாள். முதலில் கரண்டிக்கு நன்றி சொல்ல, அப்புறம் வண்டியைக் காட்ட, அப்புறம் காரணம் தேடுவதையே விட்டுவிட்டாள். வீட்டில் தியான வகுப்பு என்று சொல்லி வைத்திருந்தாள். அண்ணனுக்கு அதில் ஏகப் பெருமை. பாரு, என் தங்கச்சி மூஞ்சியில வர்ற தேஜஸை, என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டுவார். தேஜஸ் என்னவோ உண்மைதான்.

ஆனால் இரண்டு வருஷமாக மிதுன் தேங்காயைத் தவிர வேறெதையும் உடைத்துப் பேசவில்லை. நாற்று எத்தனை இலை விட்டது, வண்டு விழுந்ததா, இதுதான் பேச்சு. அவருக்குத் தன்மேல் ஏதாவது இருக்கிறதா, இல்லை வண்டி நின்றுபோன யாருக்கும் இப்படித்தான் தேங்காய் உடைப்பாரா என்று தன்ஷிகாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். கேட்டு, ஐயோ அப்படியெல்லாம் இல்லீங்க என்று சொல்லிவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு போவது? இப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது, தாராபுரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்றார் அண்ணன். எத்தனையோ வரன்களைத் தட்டிக் கழித்தவள், இந்த முறை, சரி வரட்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு மனுஷன் வாய் திறப்பான் என்று எவ்வளவு காலம்தான் காத்துக் கிடப்பது?

இந்த நேரம் பார்த்துத்தான் தென்றல் கார்டன் முழுக்க டம்ளரோடு அவள் வாசலுக்கு வர ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு ஹாசினி அக்கா. அறுபது வயது, காது மட்டும் இருபது வயது. உன் வண்டி மட்டும் எப்படிக் கண்ணு ஓடுது என்று கேட்டார். தன்ஷிகா தினமும் ஓட்டறேன் அக்கா என்று பொதுவாகச் சொல்லி, ஒரு கரண்டி தயிர் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அக்காவின் வண்டி எழுந்து உட்கார்ந்தது. சும்மா இருப்பாரா? சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கச் சேதி பரவிவிட்டது. ஆளுக்கொரு டம்ளர், கிண்ணம், எவர்சில்வர் தூக்கு.

உறைமோருக்கு என்ன முறையோ அதே முறைதான் இதற்கும். விளக்கு வைத்த பிறகு கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கேட்கவே கூடாது. பாத்திரத்தை வெறுமனே நீட்டக் கூடாது என்பதால் முறுக்கு, கருவேப்பிலை, ரெண்டு எலுமிச்சம்பழம் என்று ஏதாவது போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அண்ணன் வீட்டில் முறுக்கு வாங்குவதே நின்றுபோயிற்று. செத்துக்கிடந்த வண்டிகளெல்லாம் உயிர்த்தெழுந்தன. தன்ஷிகா தெருவில் நடந்தால் கும்பிடு போட்டார்கள்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை ஆரம்பித்தது.

ஹாசினி அக்கா ஒரு சாயங்காலம் முருங்கைக்காய் வாங்கப் போனார். தளி ரோடு முக்கில் திரும்பியதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. சாதாரணமாகக் கட்டைவண்டி மாதிரி போவது, அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிப் பறந்தது. அக்காவுக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. முருங்கைக்காயை மறந்துவிட்டு எங்கேதான் போகிறது பார்ப்போம் என்று விட்டுப் பிடித்தார். இருட்டிக்கொண்டு வந்ததால் அன்றைக்குப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். அதே வாரத்தில் மெடிக்கல் ஷாப்காரர், எல்ஐசி ஏஜெண்ட், ஜிம் மாஸ்டர் எல்லோரும் இதே கதையைச் சொன்னார்கள். எந்த வேலையாகக் கிளம்பினாலும் சாயங்கால நேரத்தில் அந்த முக்கில் வண்டிக்கு ஒரு குஷி வந்துவிடுகிறது என்றார்கள்.

இதையெல்லாம் கேட்ட தன்ஷிகா, கொஞ்ச நாளைக்குத் தளிப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தாள். ஆனாலும் வியாழக்கிழமை கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அந்த ஞாயிறுக்குள் அவர் ஏதாவது சொல்வாரா என்று ஒரு நப்பாசை. தாராபுரத்துச் சேதியை ஒருவழியாக மென்று விழுங்கிச் சொல்லியும் விட்டாள். மிதுன் வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, நல்லவங்களாங்க என்று மட்டும் கேட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேங்காய்ப்பூவை முழுசாக வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கேட் ஓரமாக ஒரு ஸ்கூட்டர் வந்து, தானாக மெதுவாகி, தானாக நின்றது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் எல்ஐசி ஏஜெண்டின் வண்டி, அதன் பின்சீட்டில் அவர் மாமியார். வாய் நிறையத் தேங்காய்ப்பூவோடு தன்ஷிகா திருதிருவென்று விழித்தாள். ஹாசினி அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி, மிதுனை மேலும் கீழும் பார்த்து, நாற்றுகளைப் பார்த்து, கடைசியில் அவளைப் பார்த்தார்.

"தியானமா கண்ணு?" என்றார்.

சனிக்கிழமை குடியிருப்பு ஹாலில் கூட்டம். வண்டிகள் இப்படிச் சீக்கிரம் சாகின்றனவே என்று எழுதிப்போட்ட புகார்களுக்காக, கம்பெனியிலிருந்து நேத்ரா என்ற பொறியாளர் வந்திருந்தார். போண்டா, சட்னி, காபி. அண்ணன்தான் பரிமாறிக்கொண்டிருந்தார், பொறியாளரம்மாவின் தட்டில் நான்காவது போண்டா விழுந்தாயிற்று. வியாழக்கிழமை சேதி இன்னும் அவர் காதுக்குப் போகவில்லை. அவரைத் தவிர மீதி எல்லோர் காதுக்கும் போயிருந்தது. தன்ஷிகா கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதைவிட ஒட்டிக்கொண்டிருந்தாள் எனலாம்.

நேத்ரா ஒளிவுமறைவில்லாமல் பேசினார். உங்கள் வண்டிகள் பசியில் சாகவில்லை, அஜீரணத்தில் செத்தன என்றார். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் ரெண்டு தெரு தள்ளிப் பால் வாங்கப் போய்விட்டு வந்து, அரைச் சொட்டுக் குறைந்ததும் மறுபடி சார்ஜில் போடுகிறீர்கள். உள்ளே இருப்பவை உயிர்கள். உழைப்பே இல்லாமல் தின்றுகொண்டே இருந்தால் புளித்துப் போகும். பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்புங்கள், நன்றாக ஓட்டுங்கள், எட்டு வருஷம் என்ன, அதற்கு மேலும் வரும் என்றார். அண்ணன் கையிலிருந்த போண்டாவை மெதுவாகப் பாத்திரத்திலேயே போட்டார்.

அடுத்து ஹாசினி அக்கா எழுந்தார். தளி ரோட்டில் வண்டி துள்ளுகிற கதையை அவர் எடுத்துவிட, தன்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். நேத்ரா சிரித்துவிட்டார்.

"அதுக்குப் பழக்கம்னு ஒண்ணு இருக்குங்க. வண்டியில இருக்கிற மேப், இன்ன நேரத்துல இன்ன இடத்துல இருக்கோம்னு டப்பாவுக்குச் சொல்லிட்டே இருக்கும். தினமும் ஒரு முக்குக்கு அப்புறம் நீளமா ஓடுறோம்னா, உள்ள இருக்கிறது அந்த முக்கு வந்ததுமே தயாராயிரும். தினமும் ஒரு இடத்துல நிக்கறோம்னா, அங்க வந்ததும் அடங்கிரும். நீங்க அதுல ஒரு கரண்டி எடுத்துக் குடுத்தா, பழக்கமும் சேர்ந்துதான் போகும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியும். அதனாலதான் மூடியைத் திறக்காதீங்கன்னு எழுதுனோம். காரணம் எழுதியிருந்தா ஒருத்தரும் வாங்கியிருக்க மாட்டீங்க."

இதைக் கேட்டதும் ஹாலுக்குள் ஒரு சலசலப்பு. அவனவன் தன் வண்டி எங்கெங்கே நின்றது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு எனக்கும் ஒரு கரண்டி வேண்டும் என்று கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், ஜிம் மாஸ்டர், என்னுடையது சரியில்லை, வேறிடத்தில் கேளுங்கள் என்று அவசரமாகச் சொன்னார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அண்ணனுக்கு இப்போதுதான் கணக்கு கூடி வந்தது. எல்லாருக்கும் உறை கொடுத்தது யார்? அவர் தலை தூண் பக்கம் திரும்பியது. தங்கையின் தேஜஸ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, முகம் வெளிறிக் கிடந்தது. ஹாலே அவளைத் திரும்பிப் பார்த்தது. தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போல் இருந்தது அவளுக்கு.

ஹாசினி அக்கா இன்னும் உட்காரவில்லை. ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிற ஜாதி இல்லை அவர்.

"துள்றது சரி, புரிஞ்சுபோச்சு. நிக்கறதுக்கு என்ன காரணம்? காலையில புளியமரத்து ஸ்டாப்புக்கிட்டப் போனாப் போதும், என் வண்டி அப்படியே படுத்துக்குது. எவ்வளவு முறுக்குனாலும் நகர மாட்டேங்குது. பல்லடம் பஸ்ஸு வந்து, ஆளை ஏத்திக்கிட்டு, அது போன பொறகுதான் எந்திரிக்குது. அங்க தினமும் நின்னு யாரைக் கண்ணு வழியனுப்பறே?"

எல்ஐசி ஏஜெண்டும் ஆமாம் ஆமாம் என்றார். தனக்கும் அங்கே அப்படித்தான், தினமும் ஆபீசுக்கு லேட் என்றார்.

தன்ஷிகா தூணைவிட்டு எழுந்தாள். ஒளிந்துகொள்ள வைத்த கூச்சமெல்லாம் போய், முகத்தில் நிஜமான குழப்பம். "நான் அங்க போறதே இல்லீங்கக்கா. முன்னாடி பல்லடத்துல வேலை பாக்கறப்ப அங்கதான் பஸ் ஏறுவேன். வருஷக் கணக்கா ஏறுனேன். இந்த வேலை கிடைச்சு, வண்டி வாங்குன பொறகு அந்தப் பக்கமே போகலை."

நேத்ரா காபியைக் கீழே வைத்தார். "அப்ப அது உங்க பழக்கம் இல்லைங்க. உங்களுக்கு முன்னாடியே அதுல இருந்திருக்கு. நீங்க உறையை யார்கிட்ட வாங்குனீங்க?"

தன்ஷிகா வாயைத் திறந்தாள். டவுன் பக்கமெல்லாம் நான் வருவதே இல்லீங்க என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்த ஒரு முகம் கண்முன்னால் வந்தது. எத்தனை காலை, எத்தனை மழை, எத்தனை பஸ். எதிர்ப்பக்கம் நின்ற மொபெட்டை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. மடையா, மடையா, வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று மனசு கத்தியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயெல்லாம் சிரிப்பு, ரெண்டும் ஒரே நேரத்தில்.

பதில் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று. ஹால் மொத்தமும் 'ஓ' என்றது. எல்ஐசி ஏஜெண்டின் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு நேரே அவளிடம் வந்தார். நாலு பேர் முன்னால் என்ன நடக்குமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவரோ அவள் ஸ்கூட்டர் சாவியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். சார்ஜ் போடுவதற்காகக் காலையில் எடுத்து வைத்திருந்தது. அதை அவள் கையில் கொடுத்தார்.

"அரை வயித்துலதான் இருக்குது அம்மிணி. போதும்னு அந்தம்மா சொல்லிருச்சு. போயிட்டு வா. தாராபுரத்துக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

தன்ஷிகா அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடினாள். தளி ரோடு முக்கில் வண்டி துள்ளியது. அவளும் சேர்ந்து துள்ளினாள்.

மிதுன் நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவள் வர மாட்டாள், இனி எந்தக் கிழமையும் வர மாட்டாள் என்று முடிவு கட்டிய முகம். அவள் வண்டியைக்கூட அணைக்கவில்லை.

"புளியமரத்து ஸ்டாப்பு," என்றாள்.

தண்ணீர்க் குழாய் கையிலிருந்து நழுவி அவர் காலையே நனைத்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருக்கா நாத்து டெலிவரிக்கு வந்தப்பப் பாத்தேனுங்க. அப்புறம் டெலிவரி இல்லாதப்பவும் வந்தேன். நீங்க பஸ் ஏறுனதும் திரும்பிருவேன். ஒரு நாள் நீங்க வரலை. அடுத்த நாளும் வரலை. கல்யாணம் ஆகிப் போயிட்டீங்கன்னு நினைச்சு நானும் விட்டுட்டேன். பொறகு பாத்தா, செத்த வண்டியோட நம்ம கேட்டு முன்னாடி நிக்கறீங்க."

"ரெண்டு வருஷமா ஏனுங்க சொல்லலை?"

"சொன்னா வராம போயிருவீங்களோன்னு."

"சொல்லாததாலதான் தாராபுரத்துக்குப் போறதா இருந்தேன்," என்றாள். ஒரு நாற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பு அடங்குவதாக இல்லை. அவரும் உட்கார்ந்துவிட்டார். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணம் தை மாதம். முகூர்த்தம் காலையில், மண்டபம் பல்லடம் ரோட்டில். கல்யாணப்பெண், தன் ஸ்கூட்டரிலேயே முன்னால் போவேன் என்று பிடிவாதம் பிடித்ததால், தென்றல் கார்டனே வண்டி கட்டிக்கொண்டு பின்னால் கிளம்பியது. பட்டுப்புடவையும் ஹெல்மெட்டுமாக ஒரு பெரிய வரிசை. அண்ணன், ஜிம் மாஸ்டர் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, மாப்பிள்ளைப் பயலுக்கு இருந்த தைரியத்துக்கு இந்த ஜென்மத்தில் வாய் திறந்திருக்க மாட்டான், நான் மட்டும் விடிய விடியச் சார்ஜ் போட்டு அந்த வண்டியைச் சாகடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கல்யாணமே கிடையாது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

புளியமரத்து ஸ்டாப் வந்ததும் எல்லா வண்டிகளும் படுத்துக்கொண்டன. முன்னால் போன தன்ஷிகாவின் வண்டி முதலில் நின்றது, பின்னாலேயே ஒவ்வொன்றாக. முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று ஹாசினி அக்காகூடச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம், பட்டு வேட்டி கட்டிய ஒருவர், மண்டபத்தில் இருக்க வேண்டியவர், பழைய மொபெட்டில் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தார். இந்த முறை தன்ஷிகா அந்தப் பக்கம் பார்த்தாள்.

பல்லடம் பஸ் வந்தது. கண்டக்டர் அவ்வளவு பட்டுப்புடவைகளையும் பார்த்துவிட்டு, யாராவது ஏறுகிறீர்களா என்று கேட்டார். யாரும் ஏறவில்லை. பஸ் போயிற்று. அப்புறம் எல்லோரும் சேர்ந்து கிளம்பினார்கள்.